வண்டியை விற்காதே, வீட்டுக்கும் வராதே

தம்பிக்கு,

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைக்கை விற்காதே. கலியாணம் முடிந்ததும் ஷாமினியைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குக் குடிவரவும் வேண்டாம். இரண்டையும் டெலிபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கதைக்கத் தொடங்கினால் பாதியில் அழுவேன், இல்லாவிட்டால் உன்னை ஏசுவேன். இரண்டில் எது வந்தாலும் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஒருநாள் நீ அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் பின்னால்தான் நின்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஆறுதலாக இருந்து வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீ சொன்னதைத்தான் நான் இத்தனை நாளும் மென்றுகொண்டிருக்கிறேன். "அம்மா, நானும் ஷாமினியும் கதைச்சனாங்கள். கலியாணத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனை அறையை விட்டிட்டு இஞ்சயே வந்திடுறம். உங்களுக்கு முழங்காலும் ஏலாது, தனிய இருக்கிறீங்கள். பைக்கை வித்திடுறன். இஞ்ச கார் பார்க்கிலயும் இப்ப இடமில்லை, மேல்வீட்டுக்காரருக்குப் புகையும் பிடியாது. பேலியகொடையில இருந்து ஒரு ஆள் வாற சனிக்கிழமை லொறியோட வந்து பாக்கிறன் எண்டவர். நீங்கள் ஓம் எண்டால் முடிச்சிடுவன்" என்றாய். நான் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு உனக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டேன். நீ என்னை விசித்திரமாகப் பார்த்தாய். பார்க்காமல் என்ன செய்வாய்? அந்த வண்டியை வில், வில் என்று உன் உயிரை எடுத்தவள் நான்தானே.

உண்மையைச் சொல்கிறேன், நீ அப்படிச் சொன்னதும் என் நெஞ்சு குளிர்ந்துபோனது. நீ படியிறங்கிப் போன கையோடு உன் அறைக்குப் போய் அலுமாரியை எங்கே நகர்த்தலாம், ஷாமினியின் சாறிகளுக்கு இடம் காணுமா என்று பார்த்தேன். காலி வீதிக்குப் போய்த் திரைச்சீலைத் துணிகூட விலை கேட்டுவிட்டு வந்தேன். இந்த வீட்டில் மறுபடியும் ஆட்கள் நடமாடுகிற சத்தம் கேட்கும் என்று நினைக்க நினைக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் உன்னை வேண்டாம் என்று சொல்வது ஆசையில்லாமல் இல்லை என்று உனக்கு விளங்க வேண்டும்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு முழுதாகக்கூட வரவில்லை. மருதானையில் யாரோ ஒரு கராஜில் கழற்றிப் போட்டுக் கைவிட்டதைப் பெட்டி பெட்டியாக ஒரு த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு வந்தாய். அப்பா கண்மூடி ஒரு வருஷமும் ஆகாத நேரம். எஞ்சின் ஒரு மீன் பெட்டிக்குள் கிடந்தது. நான் பிறந்தநாள் கேக் ஒன்றுக்கு ஐசிங் போட்டுக்கொண்டிருந்தேன். நீ அதே மேசையின் மறுமுனையில் பேப்பரை விரித்து, பல் துலக்குகிற பிரஷ்ஷால் அந்த இரும்பைத் தேய்க்கத் தொடங்கினாய். பிள்ளைக்கு விசர் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அப்பா போனதற்குப் பிறகு நீ வாய் திறந்து கதைத்தது அந்த மேசையில்தான். அதனால் கிறீஸ் மணத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

அதைச் செய்த கொம்பனியின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையாது, ஆனால் அதன் கதை முழுக்கத் தெரியும். நீ அத்தனை தரம் சொல்லியிருக்கிறாய். பனிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊராம். முதலில் வேலைக்குப் போகிற சனங்களுக்கு மலிவான சின்ன மோட்டார் சைக்கிள்தான் செய்து விற்றார்களாம். ஊர்ப் பெடியன்கள் அதன் மட்கார்டையும் லைட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, ஆடு ஏறுகிற பாதைகளில் ஏற்றிப் பார்த்தார்களாம். கொம்பனிக்காரர் கோபிக்காமல் தாங்களும் கூடவே ஏறினார்களாம். ஞாயிற்றுக்கிழமை மலையில் உடைந்ததைத் திங்கட்கிழமை தொழிற்சாலையில் திருத்திச் செய்வார்களாம். எத்தனையோ நாட்டுக் காடுகளிலும் சேற்றிலும் ஓடிப் பெயரெடுத்த பிறகும், மினுங்குகிற பெரிய வீதி வண்டிகளில் ஆசை வைக்காமல் இந்தச் சேற்று வண்டிகளோடேயே நின்றுவிட்டார்களாம். இதற்கு என்டியூரோ என்று பேர் என்றாய். அதாவது தாக்குப்பிடித்தல். வேகமாகப் போகிறவனைவிடக் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறவனுக்கான ஓட்டம் என்றாய்.

வண்டியைப் பூட்டி முடித்து நிறுத்தியபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. "தம்பி, இதென்ன எலும்பும் தோலுமாக் கிடக்கு. கொஞ்சம் கனமான வண்டியா வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அம்மா, காட்டுக்குள்ள விழுந்தா ஆர் தூக்கிறது? நான்தானே. ஒரு ஆள் தனியத் தூக்கக்கூடிய மாதிரித்தான் செய்திருக்கிறாங்கள்" என்றாய்.

"அப்ப விழுவாய் எண்டு இப்பவே தெரியுமோ?"

"விழாம ஓடினவன் ஆர் அம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மூட்டை அரிசிக் கனம் உள்ள ஒரு சாமானை விழுவதற்கென்றே வாங்கி வைத்திருக்கிற பிள்ளையை என்ன செய்வது? அன்று தொடங்கியதுதான் அந்த "வில், வில்."

ஆனாலும் உன் வண்டிக்கு நான் செய்த சேவகத்தை மறக்காதே. யாழ்ப்பாணத்தில் உனக்கு வேலை விழுந்த காலத்தில் அது கீழே கார் பார்க்கில் நின்றது. கடற்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிற ஒழுங்கை இது. நீ ஒரு மெசேஜ் அனுப்பினாய்: "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ. பெற்றோல் ஒரு லீட்டர், 2T போட்டுக் கலக்கி ஊத்துங்கோ. போத்தல் என்ர கட்டிலுக்குக் கீழ." கேக் செய்கிறவளுக்கு 2T என்றால் என்ன? ரெசிப்பியில் சின்ன t தேக்கரண்டி, பெரிய T மேசைக்கரண்டி. அந்தப் போத்தல் எண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி அளந்து, மேலே வழிந்ததைத் துடைத்து, பழைய சோடாப் போத்தலில் குலுக்கி ஊற்றினேன். ஹவுஸ்கோட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓங்கி உதைத்தேன். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது பார், ஒழுங்கை முழுக்கப் புகை. மேல்வீட்டு ஐயா சாரத்தோடு ஓடிவந்து, "மிசிஸ், நுளம்புக்குப் புகை அடிக்கிறீங்களோ? முன்னமே சொல்லியிருந்தால் ஜன்னலைப் பூட்டியிருப்பமே" என்றார்.

உனக்குப் பெருமையாகச் சொன்னபோது நீ டெலிபோனில் கத்தினாய். "அம்மா! அது ஒயிலின்ட பேர்! டூ ஸ்ட்ரோக் ஒயிலை அப்பிடித்தான் சொல்லுறது!" பிறகு உனக்குள்ளேயே கணக்குப் பார்த்துவிட்டு, "மேசைக்கரண்டி எண்டா பதினைஞ்சு மில்லி... ரெண்டு எண்டா... அம்மா, சரியாத்தான் போட்டிருக்கிறீங்கள்" என்றாய். அன்று நான் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் வயிறு நோகிறது. அப்போதுதான் நீ எனக்கு விளக்கினாய். மற்ற வண்டிகளுக்கு எண்ணெய் தனியாக உள்ளே கிடக்கும், இதற்கு அப்படியில்லை, ஒவ்வொரு முறை பெற்றோல் ஊற்றும்போதும் கலக்க வேண்டும். ஒருமுறை மறந்தால் வண்டி உடனே நிற்காது, நன்றாகத்தான் ஓடும், ஒரு குறையும் காட்டாது, பிறகு திடீரென்று ஓரிடத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்றாய். கலியாணம் கட்டப் போகிறவனுக்கு இதைவிட நல்ல புத்தி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்று அன்பாக இருந்தேனே என்று இன்றைக்குச் சும்மா இருந்துவிடாதே. ஷாமினி ஒரு குறையும் சொல்லாத நாட்களில்தான் நீ கவனமாக இருக்க வேண்டும்.

இனி அந்தக் கயிற்றுக் கதைக்கு வருகிறேன். நீ எங்கேயும் சொல்லிக் காட்டாத கதை. அவிசாவளைக்கு அப்பால் அந்த இறப்பர் தோட்டத்தில் நடந்த இரண்டு நாள் ஓட்டத்துக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். முதல் நாள் நீ மூன்றாவதாக வந்தாய். முகமெல்லாம் சேறு, பல் மட்டும்தான் தெரிந்தது. உன் வாயில் அப்படிச் சிரிப்பை நான் கண்டு எத்தனையோ காலம். சாயந்தரம் எல்லா வண்டிகளையும் ஒரு வளவுக்குள் விட்டு, சுற்றிவரக் கயிறு கட்டிவிட்டார்கள். இனி விடியும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது, ஓட்டுகிறவன்கூடத் தன் வண்டியைத் தொடக்கூடாது, காலையில் அவனவன் முறை வரும்போதுதான் தொடலாம் என்று நீ எனக்குச் சொன்னாய். சொன்னாய்தான். நான் "ஓம், ஓம்" என்றும் சொன்னேன். ஆனால் அது மெக்கானிக்மாருக்கான சட்டம், ஸ்பானரோடு போகிறவர்களுக்கான சட்டம் என்றுதான் என் மண்டையில் ஏறியது. பெற்ற தாய் திருநீறு பூசுவதை யாராவது தடுப்பார்களா?

விடிகிற நேரம் காவலுக்கு நின்றவர் தேநீருக்குப் போக, நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். உன் வண்டியின் முன் நம்பர் பலகையில் மூன்று குறி இழுத்தேன். நடுவில் சந்தனப் பொட்டு வைத்தேன். சீட்டில் பனி ஈரம் கிடந்தது, சாறித் தலைப்பால் துடைத்தேன். "அம்மே, அத தியன்ன எபா!" என்று ஓட்டத்தை நடத்துகிறவர்களில் ஒருவர் சிங்களத்தில் கத்தினார். கை வைக்க வேண்டாம் என்கிறார். நான் திரும்பி, "தெய்வத்துட சாமான்தானே மாத்தயா" என்று, ஐயா என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டே இன்னும் ஒருமுறை பொட்டை அழுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. மனுஷன் நல்லவர். என்னிடம் கோபிக்கவும் இல்லை. உன்னைக் கூப்பிட்டு, பலகையைக் காட்டி, இன்றைக்கு நீ ஓட முடியாது என்று மெதுவாகச் சொன்னார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்.

நீ ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நீ வண்டியை நாம் வந்த லொறியில் ஏற்றிக் கயிறு கட்டினாய். மற்றவர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு காட்டுக்குள் போன சத்தம் கேட்டது, நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் முன் சீட்டில் குந்திக்கொண்டு மடியிலிருந்த திருநீற்றுப் பையைப் பார்த்தபடி இருந்தேன். அவிசாவளைச் சந்தியில் லொறியை நிறுத்தி எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தாய். பிறகுதான் சொன்னாய்.

"அம்மா, நீங்கள் பூசினது எனக்குத்தானே, வண்டிக்கில்லையே. அடுத்த முறை என்ர நெத்தியில பூசுங்கோ. அதை ஒருத்தரும் தடுக்கமாட்டினம்."

அடுத்த வருஷமும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். வேறு யாராக இருந்தாலும் கூட்டிப் போயிருக்கமாட்டார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஏற்றத்தில், என் கண்ணுக்கு முன்னால், நீ விழுந்தாய். நான் ஓடப் பார்த்தேன், கயிற்றைக் கண்டு நின்றேன். நீ எழுந்து, வண்டியைத் தூக்கி, உதைத்துப் பார்த்தாய். அது அசையவில்லை. உட்கார்ந்து பிளக்கைக் கழற்றினாய், இடுப்புப் பையிலிருந்து புதுசு எடுத்துப் போட்டாய், கையைக் காற்சட்டையில் துடைத்தாய். ஒரு அவசரமும் இல்லை. வீட்டில் பட்டன் ஒன்று கழன்றால்கூட "அம்மா" என்று கூப்பிடுகிற பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு நேரம் குறிக்கிற இடத்துக்கு வந்தும் கோட்டைத் தாண்டாமல் நின்றாய். "போடா உள்ளுக்கு! என்னத்துக்கு நிக்கிறாய்?" என்று நான் கத்தினேன். பிந்தினாலும் குற்றம், முந்தினாலும் குற்றம், உனக்கென்று ஒரு நிமிஷம் இருக்கிறது, அதில்தான் போக வேண்டும் என்று பிறகு சொன்னாய். நீ எத்தனையாவதாக வந்தாய் என்பது எனக்கு ஞாபகமில்லை. என் பிள்ளை பெரிய ஆளாகிவிட்டான் என்று அன்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

இப்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். போன மாதம் ஷாமினி தனியாக வந்திருந்தாளே, நான் கட்லட் ஓடர் ஒன்றோடு அல்லாடிக்கொண்டிருந்த நாள். வந்த பிள்ளை சும்மா இருக்காமல் குசினிக்குள் வந்து சட்டிகளைக் கழுவி அடுக்கினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் கழுவி வைத்த தாச்சியை எடுத்து, அவளுக்குப் பக்கத்திலேயே நின்று, திரும்பவும் கழுவினேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அன்ரி, நான் கழுவினது சரியில்லையா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் "சீ, அப்பிடியில்லை பிள்ளை" என்று ஏதோ உளறினேன். அவள் அன்று மற்றச் சட்டிகளைத் தொடவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு போய் முன்னறையில் இருந்தாள்.

என் மாமி, உன் அப்பம்மா, அவரும் கெட்டவர் இல்லை. கொட்டாஞ்சேனையில் அவரோடு இருந்த காலத்தில் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் நான் வைத்த கறியைத் தான் ஒருமுறை கிளறிப் பார்க்காமல் ஒருநாளும் இறக்கவிட்டதில்லை. வெள்ளவத்தைக்கு வந்த பிறகுதான் என் கறிக்கு என்ன ருசி என்று எனக்கே தெரிந்தது. அப்பா முதல் நாள் சாப்பிட்டுவிட்டு "இது ஆர் சமைச்சது?" என்று கேட்டார். ஷாமினி என் வீட்டில் தன் கறியின் ருசியைக் கண்டுபிடிக்க மாட்டாள், தம்பி. நான் விடமாட்டேன். விடக்கூடாது என்று நினைத்தாலும் கை போகும். வண்டியைத் தொடாதே என்று நீ சொன்னதை அடுத்த வருஷம் நான் கேட்டேன்தானே, ஆனால் கை போகாமல் இருக்க எனக்கு ஒரு கயிறு வேண்டியிருந்தது. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் உள்ள தூரம்தான் எனக்குத் தோதான கயிறு. ஒரு பஸ் தூரம். ஒரேயடியாகத் தூரமுமில்லை.

பைக் விஷயத்தில் நீ எனக்காக விற்கிறாயோ, ஷாமினிக்காக விற்கிறாயோ என்று நினைத்து அவளையே டெலிபோனில் கேட்டேன். "அன்ரி, நான் ஒண்டும் சொல்லேல்ல. அவர் அதை ஓடிட்டு வாற நாளில நல்லாக் கதைப்பார். அதை வித்தா ஆரோட கதைக்கிறது?" என்றாள். அவளுக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எனக்கு இப்போதும் பயம்தான், நீ காட்டுக்குள் போகிற நாட்களில் என் கேக் ஒன்றும் ஒழுங்காக எழும்புவதில்லை. அந்தப் பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அது என்னுடைய சாமான், நீ அதற்காக உன்னுடையதை விற்க வேண்டாம். பேலியகொடைக்காரருக்கு இன்றைக்கே டெலிபோன் எடுத்து வரவேண்டாம் என்று சொல். பாவம், லொறியை எடுத்துக்கொண்டு வீணாக அலையப் போகிறார்.

என் முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே. அதற்கு மருந்து இருக்கிறது. தனியாக இருக்கிறேன் என்பதற்கு மருந்து இல்லை, அதை மறைக்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ படியிறங்கிப் போன பிறகு டீவியைச் சத்தமாக வைப்பேன். ஆனால் என் தனிமையைத் தீர்க்கிற வேலையை உன் புதுக் குடும்பத்தின் தலையில் ஏற்றக்கூடாது. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆகவே எனக்கென்று ஒரு ஏற்பாட்டை நானே செய்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ விடமாட்டாய், நானும் மனம் மாறிவிடுவேன்.

உன் அறையை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். ஹட்டனில் இருந்து இரண்டு பெண்பிள்ளைகள், பம்பலப்பிட்டியில் வேலை, வாற மாதம் முதலாம் திகதி வருகிறார்கள். நல்ல வாய் அடிக்கிற பிள்ளைகள். வந்து பார்த்த அன்றே ஒருத்தி என் ரோல்ஸில் மிளகு காணாது என்று சொல்லிவிட்டாள். உன் உடுப்புகளையும் ஸ்பானர்ப் பெட்டியையும் கட்டி வைத்திருக்கிறேன். சுவரில் இருந்த உன் படங்களைக் கழற்றும்போது கொஞ்சம் அழுதேன், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சுவரைத் துடைத்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஷாமினியையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. வரும்போது உன் சாவிக் கொத்தில் இருக்கிற வீட்டுத் திறப்பை மறக்காமல் கொண்டுவந்து தா, அதை அந்தப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். இனிமேல் வந்தால் பெல்லை அடி. எனக்கு எழும்பி வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், நின்றுகொள், நான் வந்து கதவைத் திறப்பேன்.

அம்மா